கெய்னிஸ் வீட்டுக் கயிறு

எனக்கு இதுவரை பத்து முறை தூக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. அதில் ஒன்பது தீர்ப்புகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத் தரகன் மாப்பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லாமல் பெண் கேட்பதில்லை. கல்யாணத்தின் இரண்டாம் நாள் அந்தப் பொய்களுக்காக அவனை விசாரித்து, கயிறும் கையுமாகத் தூக்குக்கு இழுத்துப் போகாமல் விருந்தும் முடிவதில்லை. கடைசி நேரத்தில் மணப்பெண் ஓடிவந்து ஒரு துண்டைத் தரகன் தோளில் போடுவாள். அவன் பிழைத்துக்கொள்வான். அவனுக்குப் பதிலாக ஒரு வைக்கோல் பொம்மை தொங்கும். பிறகு எல்லோரும் குடிப்போம்.

பத்தாவது தீர்ப்பு மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

என் பெயர் ஸிக்மஸ். வரேனா காட்டுப் பக்கம் காளான் வாங்கி விற்கிறவன். அப்பா சந்தை, அம்மா சந்தை. ஞானஸ்நானத்தின்போது தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று பாதிரியாரிடமே பேரம் பேசி அழுதேனாம். வாய் இப்படி இருப்பதால் காளான் இல்லாத மாதங்களில் ஊர்க்காரர்கள் என்னைத் தரகனாக அழைத்துக்கொண்டு போவார்கள்.

அப்படித்தான் அவுரிமஸ் கெய்னிஸ் வந்தான். மின்சார வாரியத்தில் கம்பம் ஏறுகிற பையன். அலீதுஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் வில்மாவைப் பிடித்துப்போய்விட்டது அவனுக்கு. பெண்ணுக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது பெண்ணின் அம்மா. கெனோவைதே நவிட்ஸ்கஸ், திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருக்கும் விதவை. துணியை அளக்கும்போது விரலால் ஒரு அங்குலம் திருடுகிறவள். எனக்கு அவள்மேல் தொழில் மரியாதை உண்டு.

அவள் வீட்டு மேஜையில் நான் பொய்களை வரிசையாக எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை வீடு மூன்று மாடி. (நிலவறையும் பரணும் சேர்த்து.) வண்டி புத்தம் புதியது. (எனக்கு.) குடும்பம் எப்படி என்று கேட்டாள். அந்த நேரம் ரொட்டியில் தேன் தடவித் தின்றுகொண்டிருந்தேன். கையருகில் இருக்கிற பொருளை வைத்துப் பொய் செய்தால் அது உறுதியாக நிற்கும் என்பது என் அனுபவம்.

"குடும்பமா? கெய்னிஸ்காரங்க அந்தக் காலத்துல நாட்டை ஆண்ட கிராண்ட் டியூக்குக்கே தேன் கப்பம் கட்டினவங்கம்மா. உசரத்துல வாழ்ந்த ஜனங்க."

நிச்சயம் ஆனது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வட்டார வாரப் பத்திரிகையில் அரிய குடும்பப் பெயர்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அதில் கெய்னிஸ். நாட்டிலேயே இந்தப் பெயரில் மூன்று பேர்தான் இருக்கிறார்களாம். அது எங்களுக்கே தெரிந்ததுதான்: அவுரிமஸ், அவன் அப்பா அடோமஸ், அடோமஸின் கல்யாணமாகாத அக்கா அகோதா. ஆனால் அதற்கு மேல் எழுதியிருந்ததுதான் வினை. கெய்னிஸ் என்பது வழக்கொழிந்த சொல், ஒருவகைக் கயிற்றின் பெயர்; இந்தப் பெயரை முதலில் சுமந்தவன் பண்ணையார் நீதிமன்றத்தில் கழுத்துக்குச் சுருக்குப் போட்டவனாக இருக்கலாம்.

இருக்கலாம். அந்த ஒரு சொல்லை நம்பி நான் ஒரு கூடைக் காளான்கூட வாங்கமாட்டேன். கெனோவைதே மொத்தமாக வாங்கிவிட்டாள். பத்திரிகைத் துண்டோடு பஸ் ஏறி என் கடைக்கே வந்து நின்றாள்.

"தரகரே, தேன் கட்டினவங்கன்னீங்க. இங்க தூக்குல போட்டவங்கன்னு அச்சாகியிருக்கு."

"பத்திரிகைல வானிலைகூடத்தான் அச்சாகுதும்மா. நனையாம வீடு போய்ச் சேர்ந்திருக்கீங்களா?"

"சிரிக்காதீங்க. எம் பொண்ணு நர்ஸு. தூக்குக்காரி ஊசியோட வர்றான்னா நோயாளி கையை நீட்டுவானா? கூட வேலை பாக்குறவங்க இப்பவே அவளைக் கிண்டல் பண்றாங்க. கல்யாணம் நடக்கட்டும். ஆனா பையன் எங்க பேரை எடுத்துக்கணும்."

"உங்க பேரா? சந்தையில நவிட்ஸ்கஸ்னு கூப்பிட்டா ஏழு பேரு திரும்புவாங்க. எட்டாவது ஆளு திரும்பாததுக்குக் காரணம், அவருக்குக் காது கேக்காது."

"ஏழு பேருமே மரியாதைக்காரங்க."

"ரெண்டு குடும்பப் பேரையும் சேர்த்து வெச்சுக்கலாமே. நவிட்ஸ்கஸ் ஒரு பாதி, கெய்னிஸ் ஒரு பாதி..."

"பாதிக் கயிறும் கயிறுதான்."

நல்ல பதில். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னமும் வருத்தம். அவளிடம் அன்று நான் தோற்றேன். அவுரிமஸ் வில்மாவை இழக்கத் தயாராக இல்லை, ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் காகிதம். அங்கே அவன் நவிட்ஸ்கஸ் என்று எழுதிவிட்டால் முடிந்தது.

அடோமஸிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வாசலில் காளான் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"அகோதாவுக்கு எம்பத்திமூணு," என்றார். "எனக்கு எழுபத்தொண்ணு. அப்போ அவ்வளவுதான், இல்ல?"

நான் அவரிடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. கையருகில் ஒன்றும் அகப்படவில்லை.

கல்யாண விருந்து அடோமஸ் வீட்டில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் விசாரணை. நீதிபதி, கெனோவைதேயின் தம்பி ப்ரோன்யுஸ். தலையில் ஆட்டுத்தோல் குல்லாயைத் திருப்பிப் போட்டு, கம்பியில் கண்ணாடி வளைத்து மாட்டிக்கொண்டு, கையில் மரக்கரண்டியோடு பீப்பாய்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"குற்றவாளி ஸிக்மஸ்! மூணு மாடின்னு சொன்னது பொய்தானே?"

"நிலவறையில விழுந்து பாருங்க, அதுவும் ஒரு மாடிதான்னு இடுப்பு சொல்லும்."

"வண்டி?"

"அதை நான் அன்னிக்குத்தான் மொதல் தடவையா பாத்தேன். எனக்குப் புதுசுதான்."

"தேன் கட்டின குடும்பம்?"

இந்த இடத்தில் வழக்கமான சிரிப்பு வரவில்லை. எல்லோரும் பத்திரிகை படித்திருந்தார்கள். ப்ரோன்யுஸ் அவசரமாகக் கரண்டியைத் தட்டினான். "பெரிய பொய்! தூக்கு! கயிறு எங்கே?"

வாங்கி வைத்திருந்த கயிறு நீல நிற பிளாஸ்டிக். அதில் என்னைத் தொங்கவிட்டால் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்ல, வில்மாவின் உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் பரணுக்கு ஓடி, அடோமஸ் வைக்கோல் வண்டி கட்டுகிற பழைய சணல் கயிற்றைச் சுருளோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அசல் சரக்கு!" என்று ஒருவன் கத்தினான். "தூக்குக்காரர் வீட்டுக் கயிறு!"

"அவங்க வீட்டுல கயித்துக்கா பஞ்சம்?" என்றாள் கெனோவைதே.

முற்றம் முழுக்கச் சிரித்தது. வில்மா சிரிக்கவில்லை. அடோமஸ் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தார். மகன் கல்யாணத்தில் அப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு போவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கயிற்றை என் தோளில் போட்டார்கள். கனம்! எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒரு சரக்கு மேலே வந்து விழுந்தால் அதைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டேன். புரட்டினேன். இருபது மீட்டருக்குக் குறையாது. நான்கு புரியாக முறுக்கிய கெட்டிச் சணல், அங்கங்கே ஏதோ கறுப்பாகப் பூசி இறுகியிருந்தது. ஒரு முனையில் மரக் கொக்கி. கொக்கிக்குக் கீழே, ஆள் உட்காருகிற அகலத்தில் ஒரு பலகை. பலகையின் நடுப்பகுதி தேய்ந்து பளபளவென்று இருந்தது. பல தலைமுறை கால்சட்டைகள் அதை மெருகேற்றியிருக்க வேண்டும்.

"நீதிபதி அவர்களே," என்றேன், "ஒரு சந்தேகம்."

"தூக்குல தொங்கினப்புறம் கேளு!"

"தூக்குக் கயித்துல உக்கார்றதுக்குப் பலகை எதுக்கு? சாகப் போறவன் கால் வலிக்குதுன்னு சொன்னானா?"

சிரிப்பு வந்தது, ஆனால் இந்த முறை வேறு பக்கத்திலிருந்து.

"ஊஞ்சலா இருக்கும்," என்றாள் கெனோவைதே.

"சம்பந்தியம்மா, நீங்க துணி அளக்கிற ஆளு. ஊஞ்சலுக்கு இருபது மீட்டரா? எந்தக் குழந்தைக்கு, எந்த மேகத்துல கட்ட?"

"குற்றவாளி நீதிமன்றத்துல பேரம் பேசுறான்!" என்று ப்ரோன்யுஸ் கத்தினான். அதற்குள் நான் கயிற்றை மூக்கில் வைத்துவிட்டேன். தோள் சூட்டில் அந்தக் கறுப்புப் பூச்சு இளகியிருந்தது. தார் இல்லை. மெழுகு. தேன்மெழுகு. பலகையைத் திருப்பினேன். அடியில் கத்தியால் வெட்டிய குறி: காக்கைக் கால் போல மூன்று கோடு, குறுக்கே ஒன்று.

எனக்கு அந்தக் குறி தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அடோமஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிழட்டுப் பைன் மரத்தில், ஆள் உயரத்தில், அதே காக்கைக் கால். சின்ன வயதில் அதைப் பிடித்துத்தான் ஏறப் பார்ப்போம். மரத்தின் உச்சிப் பாதியில் ஒரு பலகை அடித்திருக்கும். அதன் இடுக்கில் தேனீக்கள் போய்வரும்.

"அடோமஸ் அண்ணே!" என்று கத்தினேன். "திரும்பி வாங்க! உங்க பேரு இங்க என் தோள்மேல கெடக்கு!"

மொத்தக் கல்யாணமும் பைன் மரத்தடிக்குப் போனது. நீதிபதி பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். பலகையை மரத்துக் குறியோடு வைத்துப் பார்த்தோம். ஒரே கை, ஒரே கத்தி. அந்தக் காலத்தில் பெட்டிக் கூடு கிடையாது. உயிருள்ள மரத்தைக் குடைந்துதான் தேனீ வளர்த்தார்கள், இன்னார் மரம் என்று குடும்பக் குறி வெட்டினார்கள். அங்கே ஏற ஒரு கயிறு வேண்டும். ஏறியபின் மணிக்கணக்கில் உட்கார ஒரு பலகை வேண்டும். பத்திரிகை சொன்ன அந்த ஒருவகைக் கயிறு, கெய்னிஸ், இதுதான்.

அடோமஸ் பலகையைக் கையில் வாங்கினார். தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"எங்க தாத்தா மரத்துல உக்கார்ந்திருப்பாரு," என்றார். "ரொம்ப உசரத்துல, கால ஆட்டிக்கிட்டு. அவரு போனப்போ எனக்கு நாலு வயசு. இத்தனை வருஷமா அது கனான்னு நெனச்சேன். இந்தக் கயித்துல வைக்கோல் கட்டினேனே, மடையன்."

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றாள் கெனோவைதே. குரல் முன்பு போல் இல்லை, ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "இதுல ஏற முடியும்னு யாரு கண்டது?"

அவுரிமஸ் கோட்டைக் கழற்றி வில்மாவிடம் கொடுத்தான். கயிற்றை மரத்தைச் சுற்றி ஒரு முறை வீசிப் பிடித்தான். கொக்கியை எங்கே மாட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அட, நம்ம கம்பத்து பெல்ட் மாதிரியேதான்," என்றான். "நான் சம்பளத்துக்கு ஏர்றேன், இவங்க தேனுக்கு ஏறியிருக்காங்க."

"அந்த பெல்ட்டையும் வண்டியிலேருந்து எடுத்துக் கட்டிக்கோ," என்றாள் வில்மா. "நேத்துதான் கல்யாணம் ஆச்சு, இன்னிக்கே நான் விதவைக் கறுப்பு உடுத்த முடியாது."

கட்டிக்கொண்டு ஏறினான். கயிற்றை ஒரு வீச்சு மேலே போடுவான், காலைப் பதிப்பான், மறுபடி வீச்சு. வெள்ளைச் சட்டை கிளைகளுக்கு நடுவே சிறிதாகிக்கொண்டே போனது. கீழே எண்பது பேர் கழுத்தை வளைத்து நின்றோம். மேலே போய்க் கயிற்றுப் பலகையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப் போட்டு ஆட்டினான். அடோமஸ் குல்லாயைக் கழற்றிவிட்டார்.

அவன் தேன்கூட்டை மூடியிருந்த அடைப்பை நெம்பிய சத்தம் கேட்டது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. பிறகு இன்னொன்று. கீழே இறங்கி வந்தபோது இடது கண் முழுக்க வீங்கியிருந்தது. கையில், கைக்குட்டையில் சுற்றிய கறுந்தேனடை.

முதல் துண்டை அப்பாவிடம் கொடுத்தான். இரண்டாவதை மாமியாரிடம் நீட்டினான். கெனோவைதே மோந்து பார்த்தாள், நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள்.

"இதுக்கு என்ன விலை?" என்றாள்.

"விக்கிறதில்ல," என்றார் அடோமஸ். நான் அவரை அத்தனை நிமிர்ந்து பார்த்ததில்லை. "பேரோட சேர்த்துத்தான் கெடைக்கும்."

வில்மா அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, சிவப்புக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டாள்.

"தரகர் பொய் சொல்லல," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "தேன் கட்டின குடும்பம்தான், உசரத்துல வாழ்ந்தவங்கதான். நாளைக்கு நான் கெய்னிஸ் பேரைத்தான் எழுதப் போறேன். இவரும் அதே பேர்லயே இருக்கட்டும். அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

கெனோவைதே விரலை நக்கிக்கொண்டிருந்தாள். "நான் என்ன சொல்ல? ஏழு நவிட்ஸ்கஸ்ல ஒருத்தனுக்காவது மரம் ஏறத் தெரியுமா? மூணே பேரு வெச்சிருக்கிற சரக்கு. அதை வேணாம்னு சொன்னா நான் என்ன கடைக்காரி?"

ப்ரோன்யுஸ் கரண்டியை மரத்தில் தட்டித் தட்டி உடைத்தே விட்டான். விடுதலை! எங்கள் வட்டாரத்தில் ஒரு கல்யாணத் தரகன் நிரபராதி என்று தீர்ப்பானது அதுதான் முதல் முறை என்று வயதானவர்களும் சொன்னார்கள். அப்போது ஒரு சிக்கல். வைக்கோல் பொம்மை தயாராக இருக்கிறது, அது யாருக்குப் பதிலாகத் தொங்குவது? குற்றவாளிதான் இல்லை. கெனோவைதே கைப்பையைத் திறந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்தாள். தன் கையாலேயே பொம்மையின் மார்பில் குத்தினாள். நீல பிளாஸ்டிக் கயிறு அதற்குத்தான் பயன்பட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நானும் போயிருந்தேன். பதிவு அலுவலகப் பெண்மணி காகிதத்தைப் பார்த்து, ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டு நின்ற மாப்பிள்ளையையும் பார்த்தாள்.

"கெய்னிஸா? இருபது வருஷமா இந்த மேஜையில இருக்கேன், இப்படி ஒரு பேரே கேட்டதில்லையே."

"மூணு பேருதான் இருந்தாங்க," என்றாள் வில்மா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "எழுதிக்கோங்க. இப்போ நாலு."

எனக்குத்தான் நஷ்டம். உண்மை பேசுகிற தரகன் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு என்னை யாரும் பெண் கேட்கக் கூப்பிடுவதில்லை. போகட்டும். போன வாரம் அவுரிமஸ் போன் செய்தான். இரட்டைக் குழந்தைகளாம். ஞானஸ்நானத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வந்தால் போதும், தேன் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறதாம்.