நான்காவது கல்லூரி

மூன்று கல்லூரிகளைக் கோல்பி ஹாஸ்கெட் தட்டிக் கழித்துவிட்டான். முதலாவது தூரம் என்றான். அவர்கள் ஊரான லாட்டனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மீன் பிடிக்க அவன் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் போகிறவன். இரண்டாவதில் பாடம் நடத்துகிறவர்கள் பட்டாளத்துக்காரனை ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றான். மூன்றாவதில் எல்லாமே கம்ப்யூட்டரில்தான், மனிதர்களைப் பற்றிய படிப்பை ஒரு பெட்டியைப் பார்த்துப் படிப்பதா என்று கேட்டான். இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

அவன் மனைவி லீட்டா எல்லாவற்றையும் நம்பினாள். இவ்வளவு யோசிக்கிற மனுஷன் நன்றாகப் படிப்பான் என்று, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டாள். குடும்ப, சமூக சேவைப் பட்டம் எங்கெங்கே இருக்கிறது, எந்தக் கல்லூரி முன்னாள் ராணுவத்தாருக்குத் தோதானது, பட்டாள அனுபவத்தை எத்தனை பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள், மாலை வகுப்பு உண்டா என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். கோல்பியின் டயர் ஆலைச் சம்பளத்தை வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் ராணுவத்தின் படிப்புச் சலுகை இருக்கிறதே, பிறகென்ன என்றிருந்தாள்.

சலுகை இல்லை. அது கோல்பிக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டாளத்தை விட்டு வரும்போது ஒரே சான்றிதழை இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். ஷார்ட் காப்பியில் பெயர், படைப்பிரிவு, எந்த நாட்டில் எத்தனை மாதம் இருந்தான், என்ன பதக்கம் என்பதோடு சரி. லாங் காப்பியில் அடியில் இன்னும் சில கட்டங்கள் உண்டு. ஆளை எப்படி அனுப்பினார்கள் என்பது அங்கேதான் இருக்கும். கோல்பியின் கட்டத்தில் ‘கௌரவமானது அல்லாத நிலையில்’ என்று இருந்தது. அப்படி அனுப்பப்பட்டவனுக்குப் படிப்புச் சலுகை கிடையாது. அந்தத் தாளை அவன் வெளியே வந்த வாரமே கறி சுடுகிற அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டான். ஷார்ட் காப்பிக்குக் கல்யாணமான புதிதில் லீட்டா கண்ணாடிச் சட்டம் போட்டாள். பதினொரு வருடமாக அது டிவிக்கு மேலே தொங்குகிறது. மூன்று கல்லூரிகளும் லாங் காப்பியைக் கேட்டிருந்தன. குறைகள் அப்படித்தான் முளைத்தன.

அவனுக்குப் படிக்க ஆசை இல்லாமல் இல்லை. கொடுமையே அதுதான். சனிக்கிழமைதோறும் சர்ச்சில் ஏழைகளுக்கு உணவுப் பெட்டி கொடுப்பார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வருகிற பெண்களிடம் அவனுக்குப் பேசத் தெரிந்தது. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கிற சாக்கில் வீட்டு நிலவரத்தைக் கேட்டுக்கொள்வான். அவர்களும் மறைக்காமல் சொல்வார்கள். இதைப் பார்த்துவிட்டு, ஊரில் குடும்ப உதவி மையத்தை நடத்துகிற ப்ரூயிட் அம்மா, “ஒரு பட்டத்த மட்டும் வாங்கிட்டு வந்துடு. நான் ரிட்டயர் ஆனதும் இந்த நாற்காலி உனக்குத்தான்” என்றார். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை அப்படி வேண்டும் என்று கேட்டதில்லை.

ஆகவே அக்டோபர் மாதக் காலை ஒன்றில், லீட்டாவோடு நான்காவது கல்லூரி. வாசலில் பெரிய கொடி. அதன் கீழே ‘வீரர்களின் நண்பன்’ என்று பலகை, பலகையில் ஐந்து நட்சத்திரம். நட்சத்திரத்தை யார் கொடுத்தார்களோ. இந்த மாதிரிப் பலகை இல்லாத கல்லூரி இப்போது இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் முன்னாள் ராணுவத்தார் அறை நிஜமாகவே நன்றாக இருந்தது. சோபா, காபி, டோனட், தனியாக உட்கார்ந்து படிக்க ஒரு மூலை. அறைக்குப் பொறுப்பானவர் பர்னெல் டோபின்ஸ், இருபது வருடம் பட்டாளத்தில் இருந்து முழங்கால் தேய்ந்து வந்தவர்.

“எந்த யூனிட் பிரதர்?”

கோல்பி சொன்னான்.

“பீரங்கிக்காரரா. அப்ப நான் சத்தமாத்தான் பேசணும், காது போயிருக்கும்.”

“மத்தவங்க பேசறதெல்லாம் நல்லா கேக்குது சார். என் பேச்சுதான் கேக்காது” என்றாள் லீட்டா.

பர்னெல் வாய்விட்டுச் சிரித்தார். பட்டாள அனுபவத்துக்கு ஏழு பாடம் கழித்துவிடலாம், வகுப்பெல்லாம் சாயங்காலம்தான், கடைசி வருடம் குடும்ப நீதிமன்றத்தில் நேரடிப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டே போனார். லீட்டா ஒன்று விடாமல் எழுதினாள். பிறகு பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த எதையோ எடுத்தாள். சுவரில் தொங்கிய சட்டத்தையே கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

பர்னெல் அதைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது ஷார்ட் காப்பி. லாங் காப்பி வேணுமே.”

“தொலஞ்சு போச்சு” என்றான் கோல்பி.

“அது ஒரு விஷயமே இல்ல. இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்துப் போட்டா நானே வரவழைச்சிடுவேன். பத்து நாள்ல வந்துடும்.”

“போடு கோல்பி.” லீட்டா பேனாவை அவன் கையில் திணித்தாள்.

அவன் பேனாவைப் பிடித்தபடி ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை பர்னெல் நிறையப் பார்த்திருக்க வேண்டும். “அம்மா, ரெண்டு ரூம் தள்ளி இந்தப் படிப்போட புரொபசர் இருக்காங்க. கிளாஸ் டைமெல்லாம் ஒரு தடவ கேட்டுட்டு வந்துடுங்களேன்” என்றார். லீட்டா நோட்டோடு எழுந்து போனாள்.

கதவு சாத்தியதும் பர்னெல் குரலைத் தாழ்த்தினார். “எந்த வருஷம் வெளிய வந்தீங்க?”

“ரெண்டாயிரத்து ஒம்போது. ஜூன்.”

“பதினஞ்சு வருஷத்துக்குள்ள மனு போட்டா, அனுப்பின விதத்த மறுபடி பாக்கறதுக்கு ஒரு போர்டு இருக்கு.” விரல் விட்டு எண்ணினார், எண்ண வேண்டிய அவசியமே இல்லை. “நாலு மாசம் தாண்டிப் போச்சு.”

“வேற வழி?”

“இன்னொரு போர்டு இருக்கு. இதுவரைக்கும் நாலு பேருக்கு நான் மனு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“கெடச்சுதா?”

“ஒருத்தர் செத்துப் போயிட்டாரு. மத்த மூணு பேரும் என்னாச்சுன்னு எனக்கு ஃபோன் பண்ணிட்டு இருக்காங்க.” ஃபாரத்தை மெல்ல இழுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். “தாள்ல இருக்கறத நான் மாத்த முடியாது பிரதர். எங்க போனாலும் இதத்தான் கேப்பாங்க. வீட்டம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. இல்லன்னா அஞ்சாவது காலேஜைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க.”

காரில் ஏறி உட்கார்ந்ததும் லீட்டா நோட்டை மடியில் விரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வருடக் கணக்காயிற்று. “இதுல என்ன குறை கண்டுபிடிக்கப் போற, சொல்லு பாப்போம்.”

“லீட்டா, எனக்கு அந்தச் சலுகை கெடையாது.” சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. “என்னை மரியாதையா அனுப்பல, வெளிய தள்ளினாங்க. லாங் காப்பியில அது இருக்கு. நான்தான் கொளுத்திட்டேன்.”

அவள் நோட்டை மூடினாள். “முதல் காலேஜ்?”

“நல்ல காலேஜ்தான்.”

“ரெண்டாவது?”

“அதுவும்தான்.”

“வாரா வாரம் அந்தக் கண்ணாடிய நான் தொடைச்சேன் கோல்பி.” அவள் அழ ஆரம்பித்தாள்.

அவன் கார் சாவியைப் போட்டான், திருகவில்லை.

“என்ன பண்ணின?” என்றாள்.

“ரெண்டாவது தடவ சண்டைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி லீவுல வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போகல. நாப்பத்தேழு நாள்.”

“அப்ப உங்கம்மா படுக்கையில இல்ல கெடந்தாங்க?”

“ஆமா. ஆனா...”

“அதுக்கா? அம்மாவ பாத்துக்கிட்டதுக்கா இப்படி எழுதுவாங்க?”

“நான் பாத்துக்கல லீட்டா. அக்காதான் பாத்துக்கிட்டா. போடா, போயிடுடான்னு அம்மா தெனம் சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. மாடி ரூம்ல படுத்துக் கெடந்தேன், அவ்வளவுதான்.”

இதை அவள் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினாள். முகத்தில் ஒரு பிடிவாதம் வந்தது. அந்த முகம் அவனுக்குப் பழக்கம். கரண்ட் கம்பெனியோடும் இன்ஷூரன்ஸ்காரர்களோடும் சண்டைக்குப் போகிற முகம்.

“அந்த மனுஷன் நல்லவரு. அம்மாவுக்காகத்தான் நின்னன்னு சொன்னா புரிஞ்சுப்பாரு. யாருக்கு எழுதணும்னு கேட்டுட்டு வரேன்.”

“அதுக்காக இல்லன்னு இப்பதானே சொன்னேன்.”

“நீ பேசாம இரு.”

கதவைத் திறந்து இறங்கி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, காற்றில் முன்னால் குனிந்தபடி நடந்தாள். பர்னெல் என்ன சொல்வார் என்று கோல்பிக்குத் தெரியும். உட்கார வைப்பார், காபி கொடுப்பார், அந்த நாலு பேர் கதையைச் சொல்வார். இவள் படுக்கையில் கிடந்த தாயைப் பற்றிச் சொல்லி அழுவாள். அவர் நம்பி, இவளுக்காக ஐந்தாவது மனுவை எழுத உட்காருவார். இவளும் வருடக் கணக்கில் ஃபோன் செய்துகொண்டிருப்பாள்.

இறங்கி ஓடினால் அவள் உள்ளே போகுமுன் பிடித்துவிடலாம். பர்னெல் முன்னால் நின்று, அம்மாவுக்காக இல்லை, பயந்துதான் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. போக வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நாற்பத்தேழு நாளும் அது நன்றாகத்தான் தெரிந்திருந்தது.