இரண்டாம் வகுப்பின் அக்கா

ஜோடிப் படிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தது ருக்மிணி டீச்சர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1997-இல், பெங்களூர் அடுகோடியில் நாங்கள் படித்த அரசுத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் பதினாறு பேர், ஏழாம் வகுப்பில் என்னோடு சேர்த்துப் பதினாறு பேர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னப் பிள்ளை, ஒரு பாய், ஒரு புத்தகம். பெரியது ஒரு வரி வாசிக்க வேண்டும். சின்னது அந்த வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே திருப்பி வாசிக்க வேண்டும். வேறு ஒன்றும் கிடையாது.

எனக்கு ஜோடியாக வந்தவள் மகா. எப்போதும் மூக்கு ஒழுகும். விரலை எடுத்தால் வரியைத் தொலைத்துவிடுவாள். முதல் மாதம் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் வாய் திறப்பதற்குள் அவளே ஒரு வரியை முழுசாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ரேங்க் வாங்கியபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

ஆமாம், வகுப்பில் நான்தான் முதல் ரேங்க். அதுவே வினையாகப் போயிற்று.

செப்டம்பரில், இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ருக்மிணி டீச்சர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் சந்தானம் சார்தான் எங்களுக்குக் கணக்கும் எடுப்பார். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தனக்கோடி, ரெண்டாவதுல சத்தம் தாங்கலம்மா. போய் கொஞ்சம் படிக்க வையி. வெள்ளிக்கிழமை பண்றீங்கல்ல, அதே மாதிரி."

"இப்ப கணக்கு பீரியட் சார்."

"உனக்கென்னம்மா, நீ கெட்டிக்காரி. அப்புறமா சொல்லித் தரேன்."

ஒரு நாள் என்றது ஒரு வாரமாயிற்று, ஒரு வாரம் என்றது வழக்கமாயிற்று. கணக்கு பீரியட் தினமும் மத்தியானம்தான். சுமாராகப் படிக்கிறவர்களை அனுப்பினால் அவர்கள் பெயிலாகிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிறவளை அனுப்பினால் ஒன்றும் கெட்டுப் போகாது. சார் யோசித்தது இவ்வளவுதான்.

என்னையும் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினாறு பேரும் அக்கா, அக்கா என்று சுற்றி நின்றார்கள். லேத் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, "எங்க வீட்டு டீச்சரம்மா" என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பக்கத்து அறையில் என் வகுப்புக்கு என்ன பாடம் நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும் சில நாள் சாயங்காலம் என் வகுப்பு வீணாவின் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். கணக்குக்குள் எக்ஸ் என்று ஒன்று வந்திருந்தது. அது எதற்கு வந்தது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் கல்வி ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். டீச்சர் இல்லாத வகுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் உடனே ஆள் போடுவார்கள் என்று பேச்சு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளைகளைக் கத்த விட்டுவிட்டு என் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மானம் போய்விடக் கூடாதே என்று ஒரு வாரம் முழுக்க அவர்களைத் தயார் செய்தேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளையோடு ஜோடி சேர்த்து உட்கார வைத்தேன்.

அதிகாரி வந்த அன்று எட்டு ஜோடியும் சத்தமில்லாமல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மகா எழுந்து நின்று ஒரு பக்கத்தைத் தடுக்காமல் வாசித்தாள். யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் கன்னடத்தில் கேட்டார். சார் என்னைக் காட்டினார். "தும்ப சென்னாகிதெ" என்று அதிகாரி தலையாட்டிப் பாராட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போகும்போது, இரண்டாம் வகுப்பு நன்றாக நடக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நன்றாக நடக்கிற வகுப்புக்கு எதற்கு டீச்சர்? அனுப்பவில்லை.

மார்ச்சில் ஏழாம் வகுப்புக்குப் பப்ளிக் பரீட்சை. அதில் பாஸானால்தான் ஹைஸ்கூல். சார் சொன்ன அந்த 'அப்புறம்', பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு மாதப் பாடத்தை ஒன்றரை மணி நேரத்தில் நடத்தினார். பாவம், அவருக்கே மூச்சு வாங்கியது. கணக்குப் பரீட்சையில் செப்டம்பர் வரை படித்ததை எழுதினேன். அது ஒன்றரைப் பக்கம் வந்தது. மிச்ச நேரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நூற்றுக்கு இருபத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

ரிசல்ட் வந்த மறுநாள் மகாவின் அம்மா எல்லம்மா, மைசூர்பாக் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பெயிலானது அவருக்குத் தெரியாது.

"உன்னாலதான் கண்ணு இவ இப்படிப் படிக்கிறா. இங்கிலீஷ் மீடியத்துல சீட்டு குடுத்துட்டாங்க. அக்காவுக்கு தேங்க்ஸ் சொல்லுடி."

மகா சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளை மேல் ஆத்திரம் வந்தது. ஏழு வயசுப் பிள்ளை. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது உண்மை.

அந்த வாரமே சந்தானம் சார் வீட்டுக்கு வந்தார். அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வருத்தப்படாதீங்க கோவிந்தப்பா. இன்னொரு வருஷம் எங்ககிட்டயே இருக்கட்டும். இவ இல்லன்னா ரெண்டாவதை இழுத்து மூட வேண்டியதுதான்."

அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பெயிலான பெண்ணை வேண்டுமென்று ஹெட்மாஸ்டர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், இந்த வருஷம் கணக்கு பீரியட்ல நான் என் கிளாஸ்லதான் உக்காருவேன்" என்றேன்.

அப்பா என்னை முறைத்தார். சார் கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்பட்டவரில்லை.

"உக்காரலாம்மா. அதுக்கென்ன? மொதல்ல டீச்சர் வரட்டும்."

ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் புதிதாகப் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். அக்கா, அக்கா என்று சுற்றி நின்றார்கள். டிசம்பருக்குள் பதினொரு பேரை வாசிக்க வைத்துவிட்டேன். அடுத்த மார்ச்சில் எனக்குக் கணக்கில் பத்தொன்பது.