மூன்றாம் எண் போர்ட்

2008 அக்டோபர் 8, புதன்கிழமை. ஆரணியில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு பரிசோதனை நிலையத்தில், ஆயுத பூஜைக்காக எல்லா மிஷின்களும் கழற்றித் துடைக்கப்பட்டன.

மறுநாள் காலை தனகோடி அங்கே நடந்து வந்தார். பட்டுத்தறிக்காரர், ஐம்பதை எட்டாதவர். விடிந்ததிலிருந்து நெஞ்சை அடைக்கிறது என்று எதிர்ச் சாரியில் இருந்த டாக்டரிடம் போக, அவர் ஈசிஜி எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார். படத்தில் ஏதாவது தெரிந்தால் உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரி; இல்லையென்றால் வாயு மாத்திரை. கூட வந்த மனைவி லீலா இதைச் சொன்னாள்.

ஈசிஜி எடுக்கும் தேவகி அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கை கால்களில் கவ்விகளை மாட்டி, மார்பில் பசை தடவிக் குமிழ்களை ஒட்டினாள். வயர்கள் எல்லாம் ஒரு சிறிய பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டிக்குத் திரையும் இல்லை, காகிதமும் இல்லை. கம்ப்யூட்டரோடு பேசினால்தான் அதற்கு வாய். பழைய கம்ப்யூட்டர் இடியில் போய், புதிதாக வாங்கியதில் அந்தக் கேபிளுக்கேற்ற சீரியல் போர்ட் என்ற பழைய வகைச் சொருகுவாய் இல்லாததால், நடுவே ஒரு யூஎஸ்பி அடாப்டரைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் எண் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று திரை சொன்னது. கீழே வெறும் நேர்கோடு ஓடியது.

தேவகி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வருவதற்குள் ஒரு டம்ளர் காபி ஆறிவிடும். வந்தும் அதே நேர்கோடுதான்.

"நேத்து பூஜைக்கு லீவு உட்டீங்க, சரி. இன்னும் தூங்கிகினு கீதே உங்க மிஷினு" என்றார் தனகோடி. நெற்றி வேர்த்திருந்தது.

தேவகி சிரித்துக்கொண்டே வேலூரில் இருந்த சர்வீஸ் பையன் சதீஷுக்குப் போன் போட்டாள். அடாப்டரைக் கழற்றினீங்களா என்பதுதான் அவன் முதல் கேள்வி. வேறு யூஎஸ்பி ஓட்டையில் சொருகினால் கம்ப்யூட்டர் அதற்கு வேறு போர்ட் எண் கொடுத்துவிடும் என்றான். பார்த்தால் ஆறு என்று காட்டியது. ஈசிஜி புரோகிராமோ பழசு; நாலுக்கு மேல் அதற்கு எண்ணே தெரியாது. முன்பிருந்த ஓட்டையிலேயே போட்டுவிடுங்கள், மூணாம் நம்பர் தானாகத் திரும்பிவிடும் என்றான் சதீஷ்.

எந்த ஓட்டை என்பது அங்கே எடுபிடி வேலை பார்க்கும் பாலுவுக்குத்தான் தெரியும். துடைத்து, சந்தனப்பொட்டு வைத்து, மறுபடி சொருகியவன் அவன். பூஜை முடிந்த கையோடு வெம்பாக்கத்துக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். போன் அணைந்திருந்தது.

தேவகி ஒவ்வொரு ஓட்டையாக மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் புரோகிராம் திணறி நின்றது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடவேண்டியிருந்தது.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எடுக்க மாட்டாங்களாம்மா?" லீலா மெல்லக் கேட்டாள். "ஒரு ஆட்டோ புடிச்சா போயிடலாம்."

போன மாதம் இப்படி ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பியதற்கு முதலாளி எல்லார் எதிரிலும் அவளைப் பிடித்துக் கத்தியிருந்தார். தேவகிக்கு அது நினைவில் இருந்தது. தவிர, இன்னும் இரண்டே ஓட்டைகள்தான் பாக்கி. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதாவது.

"அங்க கூட்டம் அள்ளும்க்கா. இதோ ஆயிடுச்சு" என்றாள்.

லீலா கணவரின் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, தாமதமாகிறது என்று டாக்டரிடம் சொல்லிவரத் தெருவைக் கடந்து போனாள்.

கடைசி ஓட்டையில் மூன்றாம் எண் வந்தது. திரையில் அலைகள் ஏறி இறங்கின. தேவகியின் நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு அலையும் கீழே இறங்காமல் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாரடைப்பின் அடையாளம் அது; இதைப் பார்த்தால் எதையும் யோசிக்காமல் டாக்டரைக் கூப்பிடவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் படம் கையில் இருக்கட்டும் என்று பிரிண்டரை முடுக்கப் போனாள்.

அதற்குள் கோடுகள் குழம்பின. சிக்கலாகிப்போன நூல்போல எல்லாம் கிறுக்கலாக நடுங்கின. அடாப்டர் ஆட்டம் கண்டாலும் இப்படித்தான் வரும்; அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். மேஜைக்கடியில் குனிந்து அதை உருவி, அழுத்திச் சொருகினாள்.

"அசையாதீங்கண்ணே, கோடு கலையுது" என்று அங்கிருந்தே சொன்னாள்.

பதில் வரவில்லை. சொன்னதற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறார் என்று நினைத்தாள்.

நிமிர்ந்து புரோகிராமை மறுபடி ஓடவிட்டாள். போர்ட் திறந்துதான் இருந்தது. கிறுக்கல் தணிந்து தணிந்து கிட்டத்தட்ட நேர்கோடாகிக்கொண்டிருந்தது. போர்ட் எண்ணை இன்னொரு தரம் பார்த்தாள். மூன்று. கோடு குழம்பியது மிஷினால் அல்ல. அப்போதுதான் கட்டில் பக்கம் திரும்பினாள்.

அவள் போட்ட கூச்சலில் டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். மார்பிலிருந்த குமிழ்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கைகளாலும் அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். லீலா வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தனகோடி அந்தக் கட்டிலிலேயே இறந்தார். உடலை மதியத்துக்குள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மாலையில் பெரணமல்லூரிலிருந்து ஒருவர் ஈசிஜி எடுக்க வந்தார். தேவகியே எடுத்தாள். படம் சரியாக வந்தது.