உரலுக்குள் என் கை

கானா நாட்டுக் குமாசியில் என் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் சூப்புக்கு என்னைப் புகழ்வார்கள், ஃபுஃபு களிக்கு என் புருஷன் ஒப்பொங்கைப் புகழ்வார்கள். வெந்த மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் போட்டு அவர் நின்றபடி இடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் இடிக்கும் நடுவே வலது கையை உள்ளே விட்டு மாவைப் புரட்டிக் கொடுப்பேன். உலக்கை மேலே போய்த் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரம்தான் என் கைக்கு உள்ள நேரம். பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். நான் பயந்ததே இல்லை, அந்த ஃபோன் குறுக்கே வரும்வரை.

நாங்கள் இடிப்பதை யாரோ ஒருத்தர் வீடியோ எடுத்துப் போட, ஊர் உலகமெல்லாம் பார்த்ததாம். அன்றைக்குப் பிடித்தது இந்த மனிதருக்குப் பித்து. விறகுக் கட்டின் மேல் ஃபோனைச் சாய்த்துவைத்து தினமும் லைவ். முகம் தெரியாத யாரோ லைக் போட்டால் இங்கே பல்லெல்லாம் தெரியும். சாப்பிடும்போது ஃபோன், கக்கூஸில் ஃபோன். மகள் பொமா காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கை அவள் நெற்றியில், இன்னொரு கை ஃபோனில்.

"பொமா அப்பா, கீழே இருக்கிறது என் கை. கொஞ்சம் இங்க பாருங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஒரு மதியம், கடை நிறைய ஆள். ஃபோன் 'டிங்' என்றது. அவர் கண் அந்தப் பக்கம் போனது. உலக்கை விளிம்பு என் இரண்டு விரல்களை நசுக்கியது. எலும்பு தப்பியது, நகங்கள் தப்பவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டவர், அதே மூச்சில், "லைவ்ல போயிடுச்சில்ல, அதை எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா?" என்றார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. செத்தாலும் அந்த முகத்தை மறக்கமாட்டேன்.

"இனிமே உங்க உலக்கைக்குக் கீழ என் கை வராது" என்றேன்.

"அப்ப கடை?"

"அதான் அத்தனை பேர் பாக்குறாங்களே. அதுல ஒருத்தரக் கூப்பிடுங்க, வந்து புரட்டட்டும்."

மறுநாள் கடையில் வெறும் சோறுதான். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் தட்டைக் கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் அது முகத்தில் அறைவது மாதிரி. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும், "இடது கைக்கு மன்னிச்சிக்குங்க" என்றேன். கொடுக்கும்போது ஒன்று, காசு வாங்கும்போது ஒன்று. ஒப்பொங் தட்டு கழுவிக்கொண்டே அத்தனையையும் கேட்டார்.

வேன் ஓட்டும் அன்ட்விக்கு வாய் சும்மா இருக்காது. "ஆன்ட்டி, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? கேக்க வேண்டிய ஆள் அங்க தட்டு கழுவுறாரே!"

கடையே சிரித்தது. ஒப்பொங் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். ஆரம்பித்துவிட்டார் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவர் என் விரல் நசுங்கிய அந்த வீடியோவை அழித்தார். பிறகு லைவ் போடும் அந்தச் செயலியையே தூக்கினார். வெறும் கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரல் மட்டும் தொடையில் மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"செர்வா, எனக்குக் கை நடுங்குது பாரு. வீடியோ போச்சேன்னு நடுங்குது. உன் விரல் நசுங்கினப்பகூட இப்படி நடுங்கல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கு இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை.

அதற்காக அவர் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஃபோனைக் கடைக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார். வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சுவருக்குப் பின்னால் அன்ட்வியின் ஃபோனைக் கடன் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். நான் வாயைத் திறக்குமுன், "இந்தாப்பா, இனிமே நான் காலில விழுந்தாலும் தராத" என்று அன்ட்வியிடம் திருப்பிக் கொடுத்தார்.

விரல் ஆறியது. முதல் நாள் உரலோரம் உட்கார்ந்தபோது புதிதாக முளைத்த நகங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு கையை உள்ளே விட்டேன். இடி, புரட்டு, இடி, புரட்டு என்று பழைய தாளம் மெல்லக் கூடிவந்தது. அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்த யாருடைய ஃபோனோ 'டிங்' என்றது.

உலக்கை மேலேயே நின்றது.

"செர்வா, கைய எடு."

"ஏன்?"

"என் மனசு அங்க போயிடுச்சு. கைய எடுன்னு சொல்றேன்ல."

எடுத்தேன். அவர் உலக்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தண்ணீர் குடித்து, கண்ணை மூடி நின்றார். கை கழுவிவிட்டுக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "அண்ணே, பசி உயிர் போகுது" என்றான் அன்ட்வி.

"போகட்டும்" என்றார் ஒப்பொங், கண்ணைத் திறக்காமலே.

பிறகு உலக்கையைத் தூக்கினார். ஃபோன் சத்தம் வந்த பக்கம் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்தார்.

"இப்ப வை" என்றார்.

வைத்தேன்.