ஒரு சொட்டும் ஓர் அத்தானும்

1.
இந்தக் கதை பாத்திரம் கழுவும் தொட்டியில் பிறந்தது. அக்கா கழுவினாள், நான் பேசினேன். எங்கள் வீட்டு வேலைப் பிரிவினை அப்படி.

அக்கா ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஓட்டுகிறாள். (மூலக்கூறுகளை எடைபோட்டு, உடைத்து, துண்டுகளையும் எடைபோட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் இயந்திரம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.) ஒரு பச்சைக் குழந்தைக்கு எடையே ஏறவில்லை. காரணம் தேடி அவள் இயந்திரத்தில் ஓட்டிய முதல் சொட்டு ரத்தம் எதையும் காட்டாமல் வீணாகிவிட்டது. மிச்சம் ஒரே சொட்டு.

"வழக்கமான முறையில, பெரிய சிக்னல் குடுக்கிற பத்துப் பேரைத்தான் மெஷின் பிடிச்சு உடைக்கும்," என்றாள். "சத்தம் போடாம போறவன் தப்பிச்சுடுவான்."

"நம்ம குடும்பம் மாதிரி."

"உன்னை மாதிரி ஒருத்தன் உள்ள போனா, மெஷின் வேற யாரையும் பார்க்காதுடா."

2.
'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில்…' (கொட்டவில்லை. வரியை அடித்துவிட்டேன்.)

'திடீரென அக்காவுக்குப் பொறிதட்டியது. அவள் முறையை மாற்ற…' (திடீரென்று பொறிதட்டுவது கதைகளில் மட்டும்தான்.)

அக்காவுக்குப் போன் போட்டேன். "முறையை மாத்தணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்கு எங்க தோணுச்சு? அவர்தானே கேட்டார்."

"எவர்?"

"உன் அத்தான்டா. பக்கத்துலயே தட்டு துடைச்சிட்டு நின்னாரே."

3.
ஆகவே முதல் பகுதிக்குத் திருத்தம்: அக்கா கழுவினாள், நான் பேசினேன், அத்தான் துடைத்தார்.

"யாரையும் பொறுக்காம, வர்ற எல்லாரையும் உடைச்சுப் பதிஞ்சு வைக்க முடியாதா?" என்று கேட்டாராம்.

"அப்படியும் ஒரு முறை இருக்கு. ஆனா எல்லார் துண்டும் ஒண்ணாக் கலந்துடும். பிரிச்செடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்."

"பிரிக்கலாம்ல?"

இவ்வளவுதான் அவர் வசனம். நான் அப்போது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

அக்கா அந்தக் கடைசிச் சொட்டை அப்படியே ஓட்டினாள். எடை வரிசையில் பகுதி பகுதியாக, ஒருவரையும் விடாமல். பிறகு உட்கார்ந்து, சிக்கு எடுப்பதுபோல் துண்டுகளைப் பிரித்தாள். கூட்டத்தின் நடுவே முணுமுணுப்பாக ஒரு புரதம் அகப்பட்டது. அது கோளாறான புரதம். டாக்டர் மருந்தை மாற்றினார். குழந்தை எடை ஏறுகிறது. அழுகைச் சத்தமும் ஏறியிருக்கிறதாம்.

4.
முடிவு அ: அத்தானுக்குப் பாராட்டு விழா. (வரமாட்டார்.)

முடிவு ஆ: குழந்தை வளர்ந்து ஒருநாள்… (அதற்குள் என்ன அவசரம்?)

இன்று மறுபடியும் தொட்டியடியில் மூவரும் நிற்கிறோம். கழுவுவது நான். அத்தான் கையில் ஈரத்துண்டு, தொண்டையைச் செருமுகிறார். ஏதோ சொல்ல வருகிறார். நான் வாயை மூடிக்கொள்கிறேன்; கடைசி வரியை நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: