விழுந்த முன்பற்கள்

தம்பியின் கையை விட்டவள் நான். விட்டபோது ஆறு வயது, இப்போது ஐம்பத்தெட்டு. அப்பா செத்த மூன்றாம் மாதம், பஸ் நிலையத்தில் அம்மா டிக்கெட் வாங்கப் போன நேரத்தில், மூன்று வயதுப் பையனைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேனாம். எனக்கு அதில் ஒரு துளிகூட ஞாபகமில்லை. ஞாபகமில்லாததையும் அம்மா என் குற்றங்களோடு சேர்த்துக்கொண்டாள்.

என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரே ஒருவனிடமும் சொன்னாள். "இவளை நம்பி ஒரு புள்ளைய விட முடியாது தம்பி, யோசிச்சுக்கோ." அவன் ரொம்ப யோசிக்கவில்லை. அந்த வாரமே கழன்றுகொண்டான். நான் பள்ளிச் சீருடை தைத்து அம்மாவுக்குச் சோறு போட்டேன். இப்போது அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, பார்வையும் மங்கல். என் கையைப் பிடிக்காமல் கூடத்தைத் தாண்ட முடியாது. பிடித்துக்கொண்டு நடக்கும்போதும் சொல்வாள், "இறுக்கிப் புடி. நீ கைய விடுற ஆளு."

கால்சட்டை சுருக்க வந்த ஒரு போலீஸ்காரர்தான், பழைய காவல் நிலையப் பதிவேடுகளை எல்லாம் நகர ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அம்மா அன்று போலீஸில் என்ன சொன்னாள் என்று எழுத்தில் இருக்குமே! 'பையன் கையை உதறிவிட்டு ஓடினான்' என்று ஒரு வரி இருந்தால் போதும், மிச்ச நாட்களை நிம்மதியாகக் கழித்துவிடுவேன்.

காப்பகத்தில் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தருகிறார்கள். அங்கிருந்த எழுத்தர், எந்தப் பதிவேட்டைக் கேட்டாலும் தன் சொத்தை எழுதித் தரச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். மூன்று நாள் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். காணாமல் போன மாடு இருந்தது, சைக்கிள் இருந்தது, ஒருவருடைய பல்செட்கூட இருந்தது. தம்பி இல்லை.

"புள்ள காணாமப் போயி கம்ப்ளெயின்ட் இல்லாம இருக்குமா சார்?"

"குடுத்திருந்தா இருக்கும்மா," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார். "தெருவுல கிடைச்ச புள்ளைங்கள குழந்தைகள் இல்லத்துலதான் சேர்ப்பாங்க. அந்தப் பதிவேடும் நம்மகிட்டதான் இருக்கு. பாக்குறீங்களா?"

தடித்த பதிவேடு. அந்த மாதத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது, எங்கள் வீட்டு எண் இருந்தது. ஆண் குழந்தை, வயது மூன்று, நல்ல உடல்நிலை, ஏற்கப்பட்டது. ஒப்படைத்தவர் என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி, அதன் கீழே அம்மாவின் கையெழுத்து. என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் பார்த்த அதே கோணல் கையெழுத்து.

பஸ் நிலையமும் இல்லை, கூட்டமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருடப் பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு, அதற்கு மேல்வரி கண்ணில் பட்டது. சிவப்பு மையில் ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது.

"அடிச்சதையும் படிக்க முடியுதே சார்?"

"படிக்க முடியணும்மா. அதான் முறை. ஒத்தைக் கோடுதான் போடணும். சுரண்டினா வேலை போயிடும்."

படித்தேன். பெண் குழந்தை. வயது நான்கு என்று தாய் கூறுகிறார். முன்பற்கள் இரண்டு விழுந்திருப்பதால் ஆறுக்குக் குறையாது. ஐந்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஏற்கப்படவில்லை.

அதே தேதி. அதே வீட்டு எண்.

வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி என் தாடையைப் பிடித்து ஈறை அழுத்தியது எனக்கு ஞாபகம் உண்டு. பிறகு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். பல் ஆஸ்பத்திரி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

எழுத்தர் என் தோளுக்கு மேலிருந்து கடைசிக் கட்டத்தைப் படித்தார். "உங்க தம்பிய ரெண்டே மாசத்துல ஒரு டாக்டர் தத்து எடுத்திருக்கார்மா. வெளிநாடு போயிருக்காங்க. அதிர்ஷ்டக்காரப் பையன்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்ச? பாத்ரூம் போகணும்."

நான் நகலை அவள் மடியில் வைத்தேன். அவளால் படிக்க முடியாது என்பதால் நானே சொன்னேன், இரண்டு வரியையும். அழுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அதற்காக நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமா. உன்னைத்தான் குடுக்கப் போனேன்," என்றாள். "ஒரு வயித்துக்குத்தான் என்னால முடியும். அவன் ஆம்பளப் புள்ள, வச்சுக்கலாம்னு பாத்தேன். அவங்க உன்னை வாங்கல."

"அப்புறம் ஏம்மா நான் கைய விட்டேன்னு சொன்ன?"

"ஊர் கேக்குமில்ல? ஆறு வயசுப் புள்ள மேல போட்டா யாரும் தோண்ட மாட்டாங்க." காகிதத்தைத் தரையில் தள்ளினாள். "அந்தப் பல்லு ரெண்டும் இன்னும் ஒரு மாசம் தாங்கியிருந்தா இன்னிக்கு அவன் என்கூட இருந்திருப்பான். சரி, வா. கையப் புடி, அவசரம்."

பிடித்தேன். எழுப்பினேன். எப்போதும்போல் அவள் முழுப் பாரத்தையும் என்மேல் போட்டாள். ஒவ்வொரு அடியாகக் கூடத்தின் நடுவுக்குக் கூட்டிவந்தேன். அங்கே எட்டிப் பிடிக்கச் சுவரும் இல்லை, நாற்காலியும் இல்லை.

"இறுக்கிப் புடிடி," என்றாள்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்து என் கையை எடுத்துக்கொண்டேன். போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா இரண்டு கைகளையும் காற்றில் துழாவிக்கொண்டு, முட்டி நடுங்க, என்னைக் கூப்பிட்டாள். தம்பியைக் கூப்பிட்டாள். மறுபடி என்னைக் கூப்பிட்டாள்.

நான் ஊசியில் நூல் கோத்தேன்.