பச்சையப்பனைக் கப்பலேற்றிய கடிதம்

தேவசகாயத்துக்கு அன்று விடிந்ததிலிருந்தே கடுப்பு. ஆம்பூர் தோல் ஷாப்பில் அவர் பட்டை மேஸ்திரி. சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் கழிந்து வரும் தோலை ஆவாரம்பட்டைத் தொட்டியில் போட்டுப் பதமாக்குவது அவர் பொறுப்பு. தோல் வந்தால்தானே போடுவதற்கு? சுண்ணாம்பு மேஸ்திரி பச்சையப்பன் குழிக்குக் குழி கையை விட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஆகவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டான். தொட்டிகள் காலியாகக் கிடந்தன. முதலாளி அதாவுல்லா சாயபு வந்து பிடிபிடியென்று பிடித்தது யாரை? தேவசகாயத்தை. இது இன்று நேற்று நடப்பதும் அல்ல.

அந்தப் பச்சையப்பனே சாயங்காலம் வீடு தேடி வந்து நின்றான். நைரோபியில் புதிதாகத் திறந்திருக்கும் தோல் ஷாப்பில் அவனுக்கு வேலை தருகிறார்களாம். மெட்ராஸில் இருக்கும் ஏஜெண்டு கோதண்டபாணி ஜாமீன் நின்றால்தான் கென்யா சர்க்கார் உள்ளே விடும். கூட வேலை செய்த மேஸ்திரி ஒருவர் நற்சான்று எழுதிக் கொடுத்தால்தான் ஏஜெண்டு ஜாமீன் நிற்பார். சாயபுவிடம் கேட்கவே முடியாது. திட்டுவாரே தவிர ஆளை விடமாட்டார். ஷாப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த மேஸ்திரி தேவசகாயம் ஒருவர்தான்.

"அங்க சுண்ணாம்புக்கு நான்தான் ஹெட்டாம்ணா. நான் எடுன்னாதான் எடுப்பாங்க. இங்க தெனம் சண்ட போட்டே என் உசுரு போவுது."

'உன் உயிரா போகிறது?' என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளதை எழுதினால், யார் பேச்சும் கேட்காத இந்த முரடனை எவன் எடுப்பான்? இங்கேயே கிடந்து ஆயுசுக்கும் அவர் பிராணனை வாங்குவான். இல்லாததை எழுதினால் அது பொய்ச்சாட்சி. கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்கிற மனுஷன் செய்கிற காரியமா? இரண்டு பக்கமும் யோசித்துத் தலைவலிதான் மிச்சம். அவர் மனைவி ஆரோக்கியமேரிக்கே பொறுக்கவில்லை.

"எழுதித் தொலைங்களேன். அவரு போனாலாவது நீங்க வீட்ல சிரிச்ச மூஞ்சியா இருக்கீங்களான்னு பாக்கலாம்" என்றாள்.

எழுதித் தொலைத்தார். பச்சையப்பன் குணத்தில் தங்கம், பெரியவர் சொல்லைத் தட்டமாட்டான், அதிர்ந்து பேசத் தெரியாது என்று ஒரு பக்கம் நிறையப் புளுகி மெட்ராஸுக்குத் தபாலில் போட்டுவிட்டு, ஆண்டவரிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பத்து நாளில் ஏஜெண்டிடமிருந்து பதில் வந்தது. பச்சையப்பன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, என்ன போட்டிருக்கிறது என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். படித்ததும் தேவசகாயத்துக்குக் காது சூடாகிவிட்டது. 'இவ்வளவு நல்லவரை எதற்கு விடுகிறீர்கள்? நானும் ராணிப்பேட்டை ஷாப்பில் இருந்தவன்தான். இப்படிப்பட்ட கடிதங்கள் நானும் எழுதியிருக்கிறேன். உள்ளதை எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆளை மறந்துவிடுகிறேன்.'

இந்தப் பக்கத்து ஷாப்புகளில் இது வெகுகாலமாக நடக்கிற காரியம். உதவாத ஆளைக் கழித்துக்கட்ட வேண்டுமென்றால், ஆகா ஓகோ என்று புகழ்ந்து பக்கத்து ஊர் ஷாப்பில் தள்ளிவிடுவார்கள். தேவசகாயமே இரண்டு சோம்பேறிகளை அப்படித்தான் வாணியம்பாடிக்குத் தள்ளிவிட்டிருந்தார். படிக்கிறவனும் நம் ஊர்ப் பக்கத்து ஆள்தான் என்பது அவர் புத்தியில் உறைக்காமல் போயிற்று.

இன்னொரு கடிதம் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பச்சையப்பன் முகம் செத்துவிட்டது. நைரோபி போகப்போவதை அதற்குள் ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தான். சாயபு காதுக்கும் எட்டிவிட்டது. இனிப் போகாவிட்டால் இங்கேயும் அவனுக்கு மரியாதை இருக்காது.

அந்தப் பரிதாபம் மறுநாள் காலை வரைக்கும்தான் தாங்கியது. சாயபுவே குழி ஓரத்தில் நின்று தோலை எடுக்கச் சொல்கிறார். பச்சையப்பன் கையைக் கட்டிக்கொண்டு மறித்து நிற்கிறான். மறுபடி தொட்டி காலி, மறுபடி தேவசகாயத்துக்குத் திட்டு. உள்ளதைத்தானே கேட்டாய், இந்தா வாங்கிக்கொள் என்று மத்தியானச் சோற்றைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து எழுதினார்.

'இந்த ஆள் யார் சொன்னாலும் கேட்கமாட்டான். தோல் ஆகவில்லை என்று அவன் கைக்குப் பட்டால் முதலாளியே வந்து நின்றாலும் எடுக்கமாட்டான். என் தொட்டிகள் காலியாகக் கிடப்பது இவனால்தான். சரி, வருகிற தோலிலாவது ஒரு குறை சொல்லி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், இத்தனை வருஷத்தில் அதற்கும் வழிவிட்டதில்லை, பாவி.'

தபாலில் போட்டுவிட்டுத்தான் யோசித்தார். ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று நாலு நாள் சோறு இறங்கவில்லை. பச்சையப்பனைக் கண்டால் பட்டைக் கிடங்குக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

ஏஜெண்டு ஜாமீன் நின்றுவிட்டார். பாஸ்போர்ட்டும் வந்தது. இப்படிப்பட்ட ஆளைத்தான் இவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தார் கோதண்டபாணி. ரயிலடியில் பச்சையப்பன் தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். ஒழிந்தான் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வீடு திரும்பினார்.

சுண்ணாம்புக்கு வந்த புது மேஸ்திரி தங்கமான பையன். சாயபு எடு என்றால் எடுத்தான். தொட்டிகள் நிறைந்தன. ஒரு வாரம் கழித்து தேவசகாயம் ஒரு தோலைத் தூக்கிப் பார்த்தால், மயிர் வேரோடு அப்படியே இருக்கிறது. பட்டைத் தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை, திட்டுத்திட்டாக நிற்கிறது. அத்தனையும் பாழ். கெடுத்தது பட்டைதான் என்று சாயபு அவரையே ஏசினார்.

அடுத்த குழித் தோல் வந்தபோது தேவசகாயம் தொட்டியை மறித்து நின்றார்.

"இது ஆவல மொதலாளி. நான் போடமாட்டேன்."

சாயபு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் பேஜார் பண்ண ஆரம்பிச்சிட்டியா? அவனுக்கு நீ லெட்டர் எழுதின. உனக்கு எழுத இங்க யார் இருக்கான்?"

தேவசகாயத்தைப் பற்றி அப்படி வயிறெரிந்து சொல்லக்கூடியவன் ஒருத்தன் இருந்தான். அவனைத்தான் அவர் கையாலேயே கப்பலேற்றி அனுப்பியாயிற்று.